'நம் நாடு' எந்த நாடு? – சீனமொழி வகுப்பு கற்பித்த பாடம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகளும் அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்ற நான், பல்கலைக்கழகத்தில் சீனமொழியை விருப்பப் பாடமாக எடுத்தேன். தொடக்க வகுப்புகளில் எழுத்தும் தொனியுமே பெரும்பாடாக இருந்தன. உயர்நிலை வகுப்பிற்கு வந்தபோதோ சொற்களே சிக்கலாயின. ஒரு சொல், பேசுபவர் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுவதை அங்குதான் கண்டேன்.

முதல் நாள் எங்களை அறிமுகம் செய்துகொள்ளுமாறு விரிவுரையாளர் பணித்தார். அவர் சீனாவிலிருந்து வந்தவர். "நான் யின்து ரென்" என்றேன். நம் ஊர்ச் சீன நண்பர்கள் இந்தியரை அப்படித்தான் அழைப்பார்கள். "அப்படியா! படிப்பு முடிந்து எப்போது நாடு திரும்புவாய்?" என்று அவர் அன்போடு கேட்டார். வகுப்பே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டனாரும் தந்தையும் பிறந்த மண் இது. நான் எங்கே திரும்புவது?

பிழை அவருடையது அன்று. 'ரென்' என்றால் மனிதர். நாட்டின் பெயரோடு அது சேர்ந்தால், சீனாவில் அந்நாட்டுக் குடிமக்களையே முதலில் நினைப்பார்கள். மலேசியாவில் அதே சொல் இனத்தையும் குறிக்கிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்க, நம் நாட்டுச் சீன நாளிதழ்கள் 'யின் யீ', அதாவது இந்திய வம்சாவளியினர் என்று எழுதுகின்றன.

சீனர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 'ஜோங்குவோ ரென்' என்றால் சீன நாட்டவர்; 'ஹுவா ரென்' என்றால் சீன இனத்தவர். மலேசியச் சீனர்கள் தம்மை ஹுவா ரென் என்றே கூறுவர். இதன் பின்னே வரலாறு இருக்கிறது. 1974இல் மலேசியாவும் சீனாவும் அரசதந்திர உறவு கொண்டபோது, இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என இரு அரசுகளும் கூட்டறிக்கையில் அறிவித்தன.

மொழியின் பெயரும் அவ்வாறே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவில் அதற்கு 'குவோ யூ', அதாவது தேசிய மொழி என்று பெயர். தைவானில் இச்சொல் இன்றும் வழங்குகிறது. சீன மக்கள் குடியரசு 1950களில் 'பூதோங்ஹுவா', அதாவது பொதுமொழி என்ற பெயரை ஏற்றது. நாம் இங்கே 'ஹுவா யூ' என்கிறோம். மலேசியாவில் 'குவோ யூ' என்றால் மலாய்மொழி! கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாய்மொழியைத்தானே தேசிய மொழி என்கிறது.

எங்கள் பாடநூல் பெய்ஜிங்கில் அச்சானது. அதில் 'வோ குவோ' (நம் நாடு) என்று வருமிடமெல்லாம் சீனாவைக் குறித்தது. "நம் நாட்டின் மிக நீளமான ஆறு எது?" என்ற பயிற்சிக்கு நான் யாங்சி என்று எழுதினேன். சிபுவைச் சேர்ந்த, சீனப்பள்ளிக்குச் செல்லாத என் சீனத் தோழி 'ராஜாங்' என்று எழுதினாள். விரிவுரையாளர் முதலில் சிவப்பு மையால் அடித்தார்; சற்று யோசித்துப் பிறகு சரி போட்டார். என் விடைக்கும் சரி கிடைத்தது. ஆனால், வெட்கப்பட்டவன் நான்தான்.

அன்றாடச் சொற்களும் இப்படித்தான். சந்தையை நம் நாட்டுச் சீனர் 'பாஷா' என்பர். அது மலாய்ச் சொல்லான 'பாசார்' என்பதிலிருந்து வந்தது. இத்தகைய வட்டாரச் சொற்களைக் கொச்சை என ஒதுக்காமல் தொகுத்து, 2010இல் சீனாவிலேயே ஓர் உலகளாவிய சீனமொழி அகராதி வெளிவந்தது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. 'காலையில் பசியாறினேன்', 'ஐந்து வெள்ளி கொடு' என்று நாம் பேசினால், சென்னையிலிருந்து வருபவர் சற்றுத் திகைப்பார். அதற்காக நாம் நாண வேண்டுமா? அச்சொற்கள் நாம் இங்கே வாழ்ந்ததற்கான சான்றுகள் அல்லவா? தமிழின் பொதுநடையைக் கற்போம். நம் மண்ணின் சொற்களையும் போற்றுவோம்.

பருவ இறுதி வாய்மொழித் தேர்வில் என்னை மீண்டும் அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். "நான் மலேசியன், இந்திய வம்சாவளி, தாய்மொழி தமிழ்" என்று சீனத்தில் சொன்னேன். நாடு திரும்புவது பற்றி இம்முறை யாரும் கேட்கவில்லை.