பித்தளைத் தகடும் பொறுமையும்: ஒரு சிறிய டெண்டர் உருவாகும் முறை

வங்கியாளரிடம் 'டெண்டர்' என்று சொன்னால் அவர் ஒப்பந்தப்புள்ளியையே நினைப்பார். நாமும் அவ்வாறே நினைத்தோம். பீகார் மாநிலம் ஜமால்பூரில் நாம் பணியாற்றிய காலத்தில், ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளர் ஒருவர் தமது நிலைவைப்பு ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டு வந்தார். காரணம் வினவினோம். டெண்டருக்குத் தகடு வாங்க வேண்டும் என்றார். இந்த வயதில் ஒப்பந்தப்புள்ளியா என்று நாம் வியந்து நிற்கையில், துணிப்பையிலிருந்து ஒரு பித்தளைப் பெட்டியை எடுத்து மேசைமீது வைத்தார். முழங்கை நீளமுள்ள அப்பெட்டியின் பின்மூலையில் மெல்லிய விரிசல் ஒன்று மேலிருந்து கீழாக ஓடியிருந்தது.

ஜமால்பூர் ரயில் பட்டறை 1862-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்தவர், ஓய்வுக்குப் பின் அவற்றுள் ஒன்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவில், உண்மையாகவே நீராவியில் ஓடும்படி செய்துகொண்டிருந்தார். முன்கூட்டியே முடித்தால் வட்டி குறையும் என்று எடுத்துரைத்தோம். அவசரப்பட்டதால் இந்தப் பெட்டியில் அதைவிட அதிகம் இழந்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். அந்த இழப்பின் காரணத்தை அவர் விளக்கியவாறே இங்குத் தருகிறோம்.

டெண்டர் என்பது யாது?

நீராவி எஞ்சினின் பின்னால் இணைக்கப்பட்டு, அதற்குத் தேவையான நீரையும் நிலக்கரியையும் சுமந்து செல்லும் வண்டியே டெண்டர். அதன் பெரும்பகுதி நீர்த்தொட்டி. அகன்ற பாதையின் 1676 மில்லிமீட்டர் அகலம் பதினாறில் ஒரு பங்கு மாதிரியில் ஏறக்குறைய 105 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆனால் எல்லா அளவுகளையும் இவ்வாறு சுருக்க இயலாது. அசல் தொட்டியின் தகடு 6 மில்லிமீட்டர் எனில், மாதிரியில் அது 0.4 மில்லிமீட்டர் கூட இராது. அத்தகைய மெல்லிய தகடு கை பட்டாலே நெளியும். எனவே சுமார் 1 மில்லிமீட்டர் தகட்டையே கொள்வர். பித்தளை துருப்பிடிக்காது, எளிதில் வளையும், பற்றவைப்பும் நன்கு பிடிக்கும்.

அளவும் வெட்டும்

தொட்டியின் இரு பக்கங்களும் பின்புறமும் ஒரே தகட்டால் ஆனவை. பின்மூலைகள் இரண்டும் வளைவாக அமையும். வெளிப்புற அளவுகளை அப்படியே கூட்டித் தகட்டை வெட்டுவதே இங்குப் புதியவர் செய்யும் பிழை. உள்வளைவின் ஆரம் 3 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 1 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். வெளிப்புறக் கணக்கில் ஒரு மூலைக்கு 4 உடன் 4 சேர்த்து 8 மில்லிமீட்டர் வேண்டும் என்று தோன்றும். தகட்டின் நடுக்கனத்தில் அளந்தால் அவ்வளைவு 5.5 மில்லிமீட்டர்தான். இரு மூலைகளிலும் சேர்த்து 5 மில்லிமீட்டர் மிகுந்துவிடும். ஆகவே முதலில் ஒரு துண்டுத் தகட்டை வளைத்துப் பார்த்து, அதன்பின் அசல் தகட்டைத் தொடுவதே முறை.

வெட்ட வேண்டிய கோட்டை இரும்பு ஊசியால் கீறலாம். வளைக்க வேண்டிய கோட்டைப் பென்சிலால் மட்டுமே வரைய வேண்டும். கீறல் எத்துணை நுண்ணியதாயினும், வளையும்போது தகடு அங்கேதான் பிளக்கும். அசலில் தறையாணிகள் தெரியும் இடங்களில், தகடு தட்டையாக இருக்கும்போதே பின்புறமிருந்து புள்ளிகளைக் குத்திவிட வேண்டும். மூலை வளைந்தபின் அதற்கு இடம் கிடைக்காது.

சூடேற்றி இளக்குதல்

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதை அடிக்கவும் வளைக்கவும் அது கடினமாகிக்கொண்டே போகும். முதல் சில அடிகளுக்கு இணங்கிய தகடு பிறகு எதிர்த்து நிற்கும். மேலும் வற்புறுத்தினால் பிளக்கும். இதற்கு மாற்று, இடையிடையே சூடேற்றி இளக்குவதாகும். வெளிச்சம் குறைந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் எரிவாயுச் சுடரைத் தகடு முழுவதும் சீராக ஓட்ட வேண்டும். மங்கிய சிவப்பு தோன்றியவுடன் சுடரை விலக்கிவிட வேண்டும். அதற்கு மேல் சூடேறினால் துத்தநாகம் புகையத் தொடங்கும். தகட்டின் மேற்பரப்பும் சொரசொரப்பாகும். ஆறிய தகட்டின் கருமையை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீர் நீக்கும். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் நம் இல்லத்தரசியர்க்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும்.

இளகிய தகட்டை வளைவு கொண்ட அச்சுக் கட்டையோடு சேர்த்து வைஸில் இறுக்கி, மரக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி வளைக்க வேண்டும். இரும்புச் சுத்தியல் தடம் பதிக்கும். விட்டவுடன் தகடு சற்றே பின்வாங்கும். ஆதலால் அச்சுக் கட்டையின் வளைவு தேவையைவிடச் சிறிது குறுகலாக இருத்தல் நலம்.

மூலையின் சோதனை

பிரிட்டனில் கட்டப்பட்ட டெண்டர்கள் பலவற்றின் மேல்விளிம்பு, நிலக்கரி சரியாதபடி வெளிநோக்கி விரிந்திருக்கும். நேர்ப்பக்கங்களில் அவ்விரிவை அமைப்பது எளிது. மூலையில்தான் சோதனை. மூலையின் வெளிஆரம் 12 மில்லிமீட்டர் எனில், அங்குள்ள வளைவின் நீளம் சுமார் 19 மில்லிமீட்டர். விளிம்பு 6 மில்லிமீட்டர் வெளியே விரிந்தால் அதே வளைவு 28 மில்லிமீட்டர் ஆக வேண்டும். அதாவது, உலோகம் தன் நீளத்தில் ஏறத்தாழ பாதியளவு கூடுதலாக நீள வேண்டும்.

நம் வாடிக்கையாளர் முதல் பெட்டியில் இம்மூலையை ஒரே தகட்டில் அடித்தே உருவாக்கினார். மூன்று முறை இளக்கினார். வேலை முடியும் தறுவாயில் நான்காம் முறைக்குப் பொறுமை இல்லை. கடைசி அடிகளைக் குளிர்ந்த தகட்டின் மீதே அடித்து முடித்தார். பார்வைக்குக் குறையேதும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு தீபாவளிக்கு முன் அமோனியா கலந்த துப்புரவு நீர்மத்தால் துடைத்து வைத்தார். சில வாரங்களில் விரிசல் தென்பட்டது.

மழைக்காலத்து விரிசல்

இந்நோய் இந்தியாவுக்குப் பழக்கமானது. ஆங்கிலேயர் ஆட்சியில் படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது தாமாகவே பிளந்தன. மழைப் பருவத்தில் நேர்ந்தமையால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் அமைந்தது. உறைகளை உருவாக்கும்போது உலோகத்துள் தங்கிவிட்ட இழுவிசையும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், ஈரமும் சேர்ந்ததே காரணம் என 1921-இல் ஆய்வாளர்கள் விளக்கினர். வடிவமைத்த பொருளை மிதமாகச் சூடேற்றி உள்ளிழுவிசையைத் தணிப்பதே தீர்வாயிற்று.

இரண்டாம் பெட்டிக்கு அவர் வகுத்த முறை இதுவே. நேர்ப்பக்கங்களின் விளிம்பை மட்டும் வளைத்து, மூலைகளில் இடைவெளி விட்டார். அங்குத் தடித்த பித்தளைத் துண்டுகளை வெள்ளி கலந்த பற்றினால் இணைத்து, அரத்தால் தேய்த்து உருவம் கொடுத்தார். பின்னர் 250 முதல் 300 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டார். அடித்தகட்டைத் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் ஈயப் பற்றினால் கடைசியாகப் பொருத்தினார். அமோனியா கலந்த எதையும் அதன் அருகில் அவர் கொண்டு செல்வதில்லை.

அடுத்த நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வந்தபோது, பெட்டியையும் ஒரு பழைய செய்தித்தாளையும் கொண்டுவந்தார். முந்திய இரவு பெட்டியை நீரால் நிரப்பி அத்தாளின் மீது வைத்திருந்தாராம். தாளை நம்மிடம் நீட்டித் தடவிப் பார்க்கச் சொன்னார். ஓரிடத்திலும் ஈரம் படிந்த தடம் இல்லை.