வேலியே பயிரை மேய்ந்தால்...

மயிலாப்பூர் மாட வீதியில் எனக்கொரு சிநேகிதி இருக்கிறாள். கல்யாணமான ஐந்து வருஷத்தில் இரண்டு முறை கருத்தரித்து, இரண்டும் நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டன. "ராசியில்லாதவள்" என்று உறவுக்காரப் பாட்டி ஒருத்தி வாய் கூசாமல் சொன்னாள். சிநேகிதியின் தாயார் திருக்கருகாவூர் அம்பாளுக்கு வேண்டிக்கொண்டு நெய்ப் பிரசாதம் வாங்கி வந்தாள். அத்துடன் பெண்ணை அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனையும் செய்வித்தாள். வியாதியின் பெயர் அன்றுதான் தெரிந்தது: லூபஸ்!

கிருமிகளை எதிர்க்க நம் உடம்பில் ஒரு காவற்படை உண்டு. சிலருக்கு அந்தப் படை சொந்த உடம்பையே தாக்க ஆரம்பித்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். லூபஸுக்கு ஆளாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். மூட்டு வலி, ஓயாத களைப்பு, வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு என்று அது தலைகாட்டும். "அலைச்சல்தான், சரியாய்ப் போய்விடும்" என்று நாமும் சும்மா இருந்துவிடுகிறோம்.

இவர்களில் சிலருக்கு ரத்தம் எளிதில் உறைந்துபோகும். 1983-ல் லண்டனைச் சேர்ந்த டாக்டர் கிரஹாம் ஹியூஸ் இந்தக் கோளாறை விவரித்தார். லூபஸ் இல்லாதவர்களுக்கும் இது வருவதுண்டு. நஞ்சுக்கொடியில் ரத்தம் உறைந்தால் சிசுவுக்குப் போஷாக்கு எப்படிப் போய்ச் சேரும்? சிறிய அளவில் ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பல கர்ப்பங்களை இன்று டாக்டர்கள் காப்பாற்றுகிறார்கள்.

சிநேகிதி மூன்றாம் முறை உண்டானபோது மாமியார், "மாசமா இருக்கிறவளுக்கு எதுக்கும்மா இத்தனை மாத்திரை? எல்லாத்தையும் நிறுத்திடு" என்றாள். பரிவோடு சொன்ன வார்த்தைதான்; ஆனால் ஆபத்தான வார்த்தை. ஹைட்ராக்ஸிக்ளோரோக்வின் மாத்திரையைக் கர்ப்ப காலத்திலும் தொடர வேண்டும்; நிறுத்தினால் அடங்கியிருந்த வியாதி மீண்டும் கிளம்பலாம். மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோபீனோலேட் போன்றவை சிசுவுக்குக் கெடுதல்; அவற்றைக் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டர் மாற்றித் தருவார். எதை விடுவது, எதைத் தொடர்வது என்று வீட்டில் தீர்மானிக்கக் கூடாது.

வியாதி ஆறு மாதமாவது அடங்கியிருந்து, சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் சீராக இருக்கும் சமயமே கருத்தரிக்க ஏற்றது. சில தாய்மாரின் ரத்தத்தில் 'ரோ' என்ற எதிர்ப்பொருள் இருக்கும். அப்படிப்பட்டவர்களின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் இரண்டுக்கு இருதயத் துடிப்பு மந்தமாகலாம். ஆகையால் நாலாம் மாதத்திலிருந்தே ஸ்கேன் மூலம் கவனிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இத்தகைய வியாதிகளுக்குத் தனித் துறை இருக்கிறது. பிரசவத்துக்கு, 1844-ல் தோன்றிய எழும்பூர் ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

போன ஆவணியில் சிநேகிதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைச்சல். குரலில் ஒரு குறைச்சலும் இல்லை! தொட்டில் போட்ட அன்று அதே பாட்டி வந்து, "ராசிக்காரிடி நீ!" என்று அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். சிநேகிதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையில் அன்றைய மாத்திரை இருந்தது.