முத்துப் பார்கள் சொல்லும் கணக்கு

சங்கத்தின் பொதுப் பேரவை கூடும்போது அங்கத்தினர்கள் முதலில் கேட்பது, "இவ்வாண்டு இலாப ஈவு எவ்வளவு?" என்பதே. சேமநிதி குறையாமல் இருக்கிறதா, கையிருப்பு எந்நிலையில் உள்ளது என்று வினவுவோர் மிகச் சிலர். இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தூத்துக்குடிக் கடல் நமக்கு உணர்த்திற்று.

தணிக்கை நிமித்தம் அங்குச் சென்றிருந்தபோது, மீனவர் சங்க அங்கத்தினர் ஒருவரைக் கடற்கரையில் சந்தித்தோம். அவருடைய தந்தையார் 1961இல் முத்துக் குளித்தவராம். "தாங்கள் குளித்ததில்லையா?" என்றோம். "முத்து எங்க ஐயா இருக்கு? நாங்க எடுத்ததெல்லாம் சங்குதான்" என்றார் அவர்.

உண்மைதான். 1926 முதல் 1928 வரை இக்கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. பின்னர் இருபத்தாறு ஆண்டுகள் இல்லை. 1955இல் தொடங்கி 1961 வரை ஆண்டுதோறும் நடந்தது. அதன் பிறகு இன்றுவரை ஒருமுறையும் நடைபெறவில்லை.

கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், மணற்பரப்பின் நடுவே பாறைத் திட்டுகள் உள்ளன. இவற்றையே 'பார்' என்பர். தொலாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. முட்டையிலிருந்து வரும் இளஞ்சிப்பி ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து, பின் கெட்டியான இடம் ஒன்றை நார் போன்ற இழைகளால் பற்றிக்கொள்ளும். மணல் பெயர்ந்து மூடினால் அது மடியும். மட்டியினங்கள் மெத்தைபோல் படர்ந்து அதனை அமுக்குவதும் உண்டு. திருக்கையும் கிளாத்தியும் ஓட்டை நொறுக்கித் தின்னும். இத்தனைக்கும் தப்பிச் சில ஆண்டுகள் வளர்ந்தால்தான் குளிப்புக்கு உரிய சிப்பியாகும். ஆகவே ஒரு பார் செழிப்பதும் வெறுமையாவதும் கடலின் பழைய வழக்கமே.

கரையும் மாறாதது அன்று. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடலைவிட்டு விலகி, இன்று உள்நாட்டுச் சிற்றூராக இருக்கிறது. வணிகம் முதலில் காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

இந்த ஏற்றத்தாழ்வை அறிந்தே முன்னைய அரசாங்கத்தார் கணக்கு வைத்தனர். பார்களை முன்கூட்டிப் பார்வையிட்டு, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதன் வயதையும் முத்தின் மதிப்பையும் கணித்த பின்னரே குளிப்பை அறிவித்தனர். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்க்கு உரியது. எஞ்சியது ஆயிரக் கணக்கில் ஏலம் போயிற்று. தணிக்கையாளர் கண்ணுக்குக் குறைகாண இயலாத ஏற்பாடு.

ஆயினும் அந்த ஏட்டில் ஏறியது விலைபோகும் சிப்பி மட்டுமே. அதனைச் சூழ்ந்த பவளப்பாறைக்கும் கடற்புல்லுக்கும் அவற்றை அண்டி வாழும் எண்ணற்ற உயிர்களுக்கும் பற்று வரவு எழுதப்படவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் பவளக்கல் படகு படகாக வெட்டி எடுக்கப்பட்டது. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும், அதன் பின்னிருந்த தீவுகளுக்கு அரண் இல்லாமற் போயிற்று. தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லித் தீவும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் நீரில் மூழ்கின. வான்தீவு சுருங்கிற்று. கடலடியை வாரிச் செல்லும் இழுவலைகள் வேறு பெருகின. முத்து மீளாமைக்கு இவற்றுள் ஒன்றையே காரணமாகக் காட்டுதல் முறையன்று. இயல்பாகவே ஏறி இறங்கும் ஒன்றின் அடிப்படையையும் நாம் குலைத்துவிட்டால், இறக்கத்திற்குப் பின் ஏற்றம் வருமென்ற உறுதி போய்விடுகிறது என்பதே பொருள்.

திருத்த முயற்சிகள் இல்லாமல் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தைப் பெற்றனர். 1981இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கினர். பார்களில் குஞ்சுகளை விட்டும் பார்த்தனர். பழைய குளிப்பு திரும்பவில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. வான்தீவருகே செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன. எனினும் 2010இலும் 2016இலும் நீர் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்தன. அழித்ததைச் சட்டத்தால் நிறுத்தலாம். மீண்டும் வளர்ப்பதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும்.

பாவை மட்டும் எண்ணி ஊடையை மறக்கும் நெசவாளர் நம்மிடையே இல்லை. ஆனால் சாயக் கழிவுநீர் எந்தக் கிணற்றைச் சேர்கிறது என்பது சங்கத்தின் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? விளைச்சலை மூட்டைக் கணக்கில் எழுதும் உழவர், மண்ணின் நிலையையும் ஏரியின் ஆழத்தையும் பூச்சி தின்னும் பறவைகளையும் எங்கே எழுதுகின்றனர்?

அடுத்த ஆண்டறிக்கையில் இவற்றுக்கென ஒரு பக்கம் சேர்க்கும்படி ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் செய்யலாம். கிணற்று நீர்மட்டம், மண்பரிசோதனை முடிவு, கழிவுநீர் செல்லும் வழி ஆகிய மூன்றை எழுதினாலே தொடக்கத்திற்குப் போதும். அதற்குச் செலவு ஒரு தாள்தான். அந்தத் தாளைக் கடலுக்கு எவரும் எழுதி வைக்கவில்லை.