கல்லுப்பட்டிப் பனி வேறு, ஊட்டிப் பனி வேறு!

மார்கழி பிறந்துவிட்டால், டி. கல்லுப்பட்டியில் விடியற்காலை டீக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தலையில் துண்டோ மப்ளரோ கட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் வெப்பமானியைப் பார்த்தால் 19, 20 டிகிரி காட்டும். வடக்கே ராணுவத்தில் இருந்துவிட்டு லீவில் வந்தவர் அதே பெஞ்சில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து, 'இதெல்லாம் ஒரு குளிரா?' என்று கேட்பார். துண்டு கட்டியவருக்கும் இவருக்கும் இதில் சண்டை தேவையில்லை. இருவர் சொல்வதும் சரி.

குளிருக்கு எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையே 'குளிர் அலை' என்று அறிவிக்க மூன்று அளவுகளை வைத்திருக்கிறது. சமவெளி என்றால் 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். மலைப்பகுதிக்கு அது பூஜ்ஜியம். கடலோரத்திலோ 15 டிகிரிக்கு வந்து, வழக்கத்தைவிட நாலரை டிகிரி குறைந்திருந்தாலே போதும். உடம்பு எதற்குப் பழகியிருக்கிறதோ, அதிலிருந்து இறங்குவதுதான் குளிர். செடிக்கும் அப்படித்தான்.

ஜனவரியில் மதுரைப் பக்கம் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, கொடைக்கானலில் ஏழு, எட்டுக்கு இறங்கிவிடும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 2,000 மீட்டர். பதிமூன்று டிகிரி அங்கேயே போய்விடுகிறது. உருளைக்கிழங்கு இரவுக்குளிர் இருந்தால்தான் கிழங்கு வைக்கும். அதனால்தான் அது கொடைக்கானலிலும் ஊட்டியிலும் விளைகிறது. நம் கரிசலில் செடி மட்டும் வளர்ந்து ஏமாற்றும்.

உயரம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. பகலில் வாங்கிய சூட்டை இரவில் நிலம் வானத்துக்கே திருப்பி விடுகிறது. மேகம் மூடியிருந்தால் அது கம்பளி மாதிரி சூட்டைத் தடுத்து வைக்கும். வானம் துடைத்துவிட்டது போல இருந்து, காற்றும் அசையாமல் நின்றால், அன்றைக்கு விடியும்போது பனி கொட்டியிருக்கும். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொல்வதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் வெளுத்த பிறகுதான் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ள இடைவெளி அகலமாகிறது.

ஒரே ஊருக்குள்ளும் வித்தியாசம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே பள்ளத்தை நோக்கி வடியும். கண்மாய்க்குக் கீழே உள்ள பள்ளக்காட்டில் பனி காய ஒன்பது மணி ஆகும்போது, மேட்டுக்காட்டில் ஏழரைக்கே இலை உலர்ந்திருக்கும். நீலகிரியில் உறைபனி முதலில் விழுவதும் பள்ளத்தாக்குகளில்தான்.

இந்த உறைபனி விஷயத்தில்தான் நம் பகுதி விவசாயிகள் பலர் ஏமாறுகிறார்கள். தை மாதம் இலை ஓரம் கருகினால் உடனே 'பனியில கருகிப்போச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். பனி கருக்க வேண்டுமானால், இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்கள் கிழிய வேண்டும். அதற்கு இலையின் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டும். ஊட்டியில் அது நடக்கும். தேயிலைக் கொழுந்து ஒரே இரவில் கருகும். அதனால்தான் அங்கே காய்ந்த புல்லைப் போட்டு மூடுகிறார்கள், விடியற்காலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். கல்லுப்பட்டியில் விழுவது வெறும் நீர்ப்பனி. அது எந்த இலையையும் உறைய வைத்துக் கருக்காது. இங்கே இலை ஓரம் கருகினால் கிணற்று நீரின் உப்பு, சத்துக் குறை, வேர்ப் பிரச்னை, பூச்சி என்று வேறு எதையாவதுதான் தேட வேண்டும். 'பனி' என்று சொல்லி ஒரு மாதம் காத்திருந்தால், அந்த ஒரு மாதத்தில் பயிர் போய்விடும்.

நீர்ப்பனி நேரடியாகக் கொல்லாது; நோயைக் கூட்டி வரும். இரவு முழுக்க ஈரமாக இருக்கும் இலையில் பூசணம் எளிதாக இறங்கும். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து நெல்லில் குலைநோய் வருவது இப்படித்தான். தழைச்சத்தை அள்ளிப் போட்ட வயலில் அது இன்னும் வேகமெடுக்கும். சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. குளிர்ந்த இரவும் ஈரக்காற்றும் போதும். உளுந்து, பாசிப்பயறு, கொத்தமல்லி எல்லாவற்றிலும் மாவு தூவியது போலப் படியும். உளுந்தில் முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்ததுமே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம். பள்ளக்காட்டை முதலில் போய்ப் பாருங்கள். நோய் அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்தக் குளிரில் அதிகம் நொந்துபோவது மல்லிகைக்காரர்கள்தான். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, வெயிலுக்குப் பிறந்த செடி. மார்ச் முதல் ஜூன் வரை பூத்துக் கொட்டும். அப்போது விலை கிடைக்காது. பொங்கலை ஒட்டி மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிலோ ஆயிரங்களைத் தொடும்போது, செடியில் அரும்பு இருக்காது. ஊட்டிக்காரருக்குக் குளிரே அல்லாத 19 டிகிரியில் மல்லிகை சுருண்டு உட்கார்ந்துவிடுகிறது.

அந்த விலையைப் பார்த்துவிட்டு, மார்கழியில் யூரியாவைக் கூட்டிப் போட்டு, தண்ணீரைக் கட்டி அரும்பு வாங்க நினைப்பவர்கள் உண்டு. குளிர்ந்த மண்ணில் வேர் மந்தமாகத்தான் வேலை செய்யும். கரிசலில் ஈரம் நின்றால் இலை மஞ்சளாகும். செலவுதான் மிச்சம். இரும்புச்சத்துக் குறையால் மஞ்சளானது என்று உறுதியானால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை தெளித்தால் போதும்.

குளிரை எதிர்பார்த்து விதைக்கும் பயிரும் இருக்கிறது. கொண்டைக்கடலையை உடுமலைப் பக்கம் 'பனிக்கடலை' என்றே சொல்வார்கள். மழை நின்ற பிறகு, கரிசலில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுக் குளிரையும் வைத்தே அது விளைந்துவிடும். அதன் இலையில் புளிப்பான அமிலம் சுரக்கும். விடியற்காலையில் கடலைக்காட்டுக்குள் நடந்து வந்து, நனைந்த வேட்டி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தால் புளிக்கும்.

மல்லிகைக்குக் கவாத்து நேரம் நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, தொழுவுரம் வைத்துவிட்டால், செடி குளிரில் தளிர்த்து வெயிலுக்குத் தயாராகும். பொங்கல் விலை ஆசையில் கவாத்தைத் தை வரை தள்ளிப்போட்டவர் தோட்டத்தில், மார்ச் மாதம் பக்கத்துத் தோட்டம் பூக்கும்போது வெறும் தளிர்தான் இருக்கும்.