கண்ணுக்குள் போடும் ஊசி: மாத்திரையால் ஏன் முடியாது?

சர்க்கரை நோய் மாத்திரை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கப்பட்டதே தருமபுரிக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மாரண்டஹள்ளி போன்ற ஊர்களில் பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்க, தனியாக இருக்கும் பெற்றோருக்கு இது பெரிய உதவி.

ஆனால், அதே சர்க்கரை நோய் கண்ணுக்குள் புதுப்புது ரத்தக்குழாய்களை வளரவிட்டால், அதை நிறுத்த அந்த மாத்திரை போதாது. மருந்தை நேராகக் கண்ணுக்குள்தான் செலுத்த வேண்டும். அதுவும் ஒரு முறை அல்ல, பல முறை. ‘ஒரு ஊசி போட்டாச்சு, இப்ப நல்லாத்தானே தெரியுது’ என்று பாதியில் நிறுத்துவதுதான் இதில் இருக்கும் பெரிய ஆபத்து.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணின் பின்சுவரில் இருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. நாம் பார்க்கும் காட்சி அதில்தான் விழுகிறது. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால், விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், சில இடங்களில் அடைபடும். ஆக்ஸிஜன் கிடைக்காத பகுதி, ‘இங்கே ரத்தம் வேண்டும்’ என்று ஒரு புரதத்தைச் சுரந்து கூப்பிடுகிறது. அதன் பெயர் விஇஜிஎஃப்.

அந்த அழைப்பைக் கேட்டுப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. உதவிக்கு வந்தவைதான், ஆனால் அவற்றுக்கு உறுதி கிடையாது. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவும். தழும்பு உண்டானால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். விழித்திரையின் மையத்தில் நீர் கசிந்து வீங்கினால், எழுத்தும் முகமும் மங்கும். வயதானவர்களுக்கு வரும் ஒரு வகை விழித்திரை நோயிலும் இதே புரதம்தான் வேலையைக் காட்டுகிறது.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் கண் பாதிக்கும் என்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் கண் பரிசோதனை தேவை.

கையில் ஊசி போட்டால் ஆகாதா?

மூளைக்கு இருப்பதுபோலவே விழித்திரைக்கும் ஒரு காவல் உண்டு. ரத்தத்தில் ஓடும் பல மருந்துகளை அது உள்ளே எளிதில் விடாது. கண்ணுக்குப் போதுமான அளவு போய்ச்சேர வேண்டுமென்றால், உடம்பு முழுக்க ஏராளமான மருந்தை ஏற்ற வேண்டியிருக்கும். ரத்த அழுத்தம் ஏறுவது, ரத்தக் கட்டி உண்டாவது போன்ற பக்கவிளைவுகளும் சேர்ந்தே வரும்.

பெவசிசுமாப் என்ற மருந்தின் கணக்கைப் பார்த்தாலே இது புரியும். குடல் புற்றுநோய்க்கு இதை உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவிலும் கொடுக்கிறார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 300 மில்லிகிராம். கண்ணுக்குள் போடுவதோ வெறும் 1.25 மில்லிகிராம். 240-ல் ஒரு பங்கு! சரியான இடத்தில் வைத்தால் துளி மருந்தே போதும்.

புற்றுநோய் மருந்து கண்ணுக்கு வந்த கதை

விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரந்துதான் ரத்தக்குழாய்களை வளரவைக்கிறது என்று 1948-லேயே ஊகித்தவர் கண் மருத்துவர் ஐசக் மைக்கேல்சன். அந்தப் புரதம் பிடிபட நாற்பது ஆண்டுகள் ஆயின. 1989-ல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் விஇஜிஎஃப்-ஐப் பிரித்தெடுத்தனர்.

அதைத் தடுக்கும் பெவசிசுமாப் 2004-ல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதே நிறுவனம் கண்ணுக்கென்றே தயாரித்த ரானிபிசுமாப் 2006-ல் வந்தது. அதற்கு முன்பே, 2005-ல், மயாமியைச் சேர்ந்த டாக்டர் பிலிப் ரோசன்ஃபெல்ட் பெவசிசுமாபைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். பலன் தெரிந்தது. ஒரு புட்டி மருந்தைப் பல நோயாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதால் செலவும் மிகக் குறைவு.

மலிவான மருந்து அதே அளவு வேலை செய்யுமா? வயதானவர்களின் விழித்திரை நோய்க்கு இரண்டையும் ஒப்பிட்ட ‘கேட்’ ஆய்வு 2011-ல் பதில் சொன்னது: ஓராண்டு முடிவில் பார்வையில் கிடைத்த பலன் இரண்டிலும் சமம். அப்போது அமெரிக்காவில் ஒன்றின் விலை சுமார் 2,000 டாலர்; மற்றொன்று சுமார் 50 டாலர்.

ஆனால் ஒரு புட்டியைப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் பலர் கண்ணும் பாதிக்கும். குஜராத்தில் அப்படிச் சிலர் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்ததும், 2016 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. கண் மருத்துவர்கள் முறையிட்ட பிறகு, மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்றது. இதற்கிடையே 2015-ல் இந்திய நிறுவனமான இன்டாஸ், ரானிபிசுமாபின் உள்நாட்டு வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வலிக்குமா?

பயப்படும் அளவுக்கு இல்லை. கண்ணை மரத்துப்போகச் செய்து, கிருமிநாசினியால் சுத்தம் செய்வார்கள். கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்வி, வெள்ளைப் பகுதியில் மெல்லிய ஊசி இறங்கும். உள்ளே போவது 0.05 மில்லி. சில நொடிகளில் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

லேசான உறுத்தல், கண்முன் மிதக்கும் புள்ளிகள் ஆகியவை பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும்; வெள்ளையில் வரும் சிவப்புத் திட்டு மறைய ஓரிரு வாரம் ஆகலாம். கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏற்படுவது ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் வந்தால் ஆபத்து. வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை இறங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏன் திரும்பத் திரும்ப?

மருந்து விஇஜிஎஃப்-ஐப் பிடித்து வைக்கிறது. அது சுரப்பதற்கான காரணத்தை நீக்குவதில்லை. கண்ணுக்குள் போன மருந்து சுமார் பத்து நாளில் பாதியாகிவிடும். அதனால் தொடக்கத்தில் மாதம் ஒரு ஊசி, பிறகு நிலைமையைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுவது என்பதே வழக்கமான முறை.

இங்கேதான் மாரண்டஹள்ளிக்காரருக்குச் சிக்கல். ஒரு பக்கம் ராயக்கோட்டை வழியாக ஓசூர், பெங்களூரு. இன்னொரு பக்கம் பாலக்கோடு, தருமபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம். விழித்திரை நிபுணர்கள் பெரும்பாலும் இப்படிப் பெரிய ஊர்களில்தான் இருக்கிறார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், கூட ஒருவர் வர வேண்டும். அப்பாவுக்கு ஒரு ஊசி என்றால் மகனுக்கோ மகளுக்கோ ஒரு நாள் லீவு.

இந்த அலைச்சலை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புதுக் குழாய்கள் முளைத்த நிலையில் ஊசியை மட்டுமே நம்பியிருந்து, நடுவில் வராமல் போனால் பாதிப்பு மோசமாகலாம். அப்படிப்பட்டவருக்கு, நீடித்துப் பலன் தரும் லேசர் சிகிச்சையையும் சேர்த்துத் திட்டமிட முடியும். சிலருக்கு, மாதக்கணக்கில் மெதுவாகக் கரையும் ஸ்டீராய்டு துகளைக் கண்ணுக்குள் வைப்பார்கள். கண் அழுத்தமும் கண்புரையும் கூடலாம் என்பதால் அது எல்லோருக்கும் பொருந்தாது. மருந்தை நிரப்பிவைக்கும் நெல் மணி அளவுக் கருவிக்கு அமெரிக்கா 2021-ல் அனுமதி தந்தது. 2022-ல் திரும்பப் பெறப்பட்டு, சரிசெய்யப்பட்ட பின் 2024-ல் மீண்டும் வந்திருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

* சர்க்கரை நோய் (டைப் 2) உறுதியான உடனேயும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது.
* ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் படித்துப் பார்க்கலாம்; பிறகு மறு கண். எழுத்து மங்கினாலோ, கதவு நிலை வளைந்து தெரிந்தாலோ உடனே காட்ட வேண்டும்.
* மாரடைப்பு, பக்கவாதம் வந்திருந்தால் ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படியே.
* சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. ஊசி அவற்றுக்கு மாற்று அல்ல.
* செலவையும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்பதையும் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.
* அடுத்த ஊசியின் தேதியைப் பிள்ளைகளின் போனில் அலாரமாக வைத்துவிடலாம். கண் நன்றாகத் தெரிகிறது என்பது அந்த நாளைத் தள்ளிப்போடக் காரணம் அல்ல. ஊசி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.