துறைமுகப் பட்டினத்தைக் காணும் முறை



உல்லாசக் கப்பலில் நோர்வே நாட்டின் பேர்கன் துறைமுகத்தை அடையும் பயணிகள், கரையிறங்கியதும் பிரிக்கன் என்னும் பகுதியை நாடிச் செல்வர். ஜெர்மானிய ஹன்சா வணிகர் காற்றில் உலர்த்திய மீனை வாங்கி ஏற்றுமதி செய்த இடம் அது. 1702ஆம் ஆண்டு அங்கிருந்த மரக்கட்டடங்கள் தீக்கிரையாயின. பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டினர். 1955இல் ஒரு பகுதி மறுபடியும் எரிந்தது. எரிந்த நிலத்தை ஆராய்ச்சியாளர் அகழ்ந்தபோது, இன்ன சரக்கு இன்னாருக்கு உரியது என்று ரூன் எழுத்திற் கீறிய மரச்சீட்டுகளும் கிடைத்தன. அரசர் வரலாறு கூறாத செய்தியை அச்சிறு துண்டுகள் கூறின.

இக்கண்கொண்டு நம் வல்வெட்டித்துறையைப் பார்ப்போம். பெருங்கப்பல் அணையும் துறைமுகம் அங்கில்லை. பண்டகசாலை வரிசையும் இல்லை. ஆயினும் பாய்க்கப்பல்களைக் கட்டியதும், அவற்றைச் செலுத்தியதும் அவ்வூர் மக்களே. நாகபட்டினத்துக்கும், மலையாளக் கரைக்கும், பர்மாவுக்கும் அவர்கள் சென்றனர். சோளகக் காற்றிலே பர்மாவை நோக்கிப் பாய் விரித்து, காற்று மாறிய பின்னர் அரிசியுடன் திரும்பினர். கப்பலைச் செலுத்துபவர் தண்டையல், கட்டுபவர் மேத்திரியார். இலுப்பையும் வேம்பும் அவர் கைக்கு இசைந்தன. காகிதத்தில் வரைந்த படத்தைவிடக் கண்ணளவும் கையளவுமே அவருக்குத் துணை நின்றன.

அத்தொழிலின் மேன்மைக்கு ஒரு சான்று போதும். அங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்ற கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். ஏறத்தாழ 89 அடி நீளமுள்ள அக்கப்பல், புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றம் பெற்றது. 1937இல் புறப்பட்டு, சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அட்லாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தது. வல்வை மாலுமிகளே அதிற் பணி செய்தனர். பாய்க்கப்பல்களை நன்கறிந்த அத்துறையில், நம்மவர் கைவேலை நங்கூரமிட்டு நின்றது.

பின்னர் வணிகம் தேய்ந்ததேன்? நீராவிக் கப்பல்கள் சரக்கைக் கவர்ந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். நாடுகள் விடுதலை பெற்றபின், குடிவரவு விதிகளும் சுங்க விதிகளும் பாக்குநீரிணையின் குறுக்கே எழுந்தன. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில், வீடுகளோடு அவற்றிலிருந்த ஏடுகளும் கணக்குப் புத்தகங்களும் அழிந்தன.

எஞ்சியிருப்பவை எவை? கப்பல் வணிகர் குடும்பத்தின் பொருளால் எழுந்த வைத்தீசுவரன் கோயில் உண்டு. கடலோடிகள் வழிபடும் முத்துமாரியம்மன் கோயில் உண்டு. தைப்பொங்கலன்று கடற்கரையில் பட்டம் ஏற்றும் இளைஞரிடத்தே காற்றை அறியும் திறம் இன்றும் உண்டு.

இவை காக்கப்படும். காக்கப்படாதது ஒன்றே: கப்பலின் உறுப்புகளுக்கும் காற்றுகளுக்கும் முதியோர் வழங்கும் சொற்கள். பேர்கனில் மரச்சீட்டுகள் மண்ணுக்குள்ளே பல நூற்றாண்டுகள் காத்திருந்தன. நாவில் மட்டும் வாழும் சொல்லோ, அதனை உடையவரோடு மறைந்துவிடும். ஆதலின் மாணவர்களே, அவ்வூருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். கோயிலைத் தொழுதபின், திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரை வணங்கி, “ஐயா, இதற்கு என்ன பெயர்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.