கேம்ஸ் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

"கேம்ஸ் விளையாட கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்?" என்று எங்கள் ஊர் குரும்பலூரில் யாராவது என்னிடம் கேட்டால், "எந்த கேம்?" என்று திருப்பிக் கேட்பேன். அந்தப் பதில் கிடைக்காமல் தொகையைப் பேசுவது வீண். கடைக்காரரிடம் முதலில் தொகையைச் சொல்லிவிட்டால், அந்தத் தொகைக்கு ஒரு கொட்டேஷன் தயாராகிவிடும். அது உங்கள் தேவைக்கான கொட்டேஷனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2025 ஜூனில் அக்கா மகனுக்கு ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷன் 83,000 ரூபாய். சின்ன வெங்காயம் விற்ற பணம் அது. அதிலிருந்துதான் அவனுடைய கல்லூரி விடுதிக் கட்டணமும் கட்டியாக வேண்டும். "தம்பி, இது நியாயமான விலையா, நீயே பார்த்துச் சொல்லு" என்று அக்கா தாளை நீட்டினார்.

விலையில் தவறில்லை, பங்கீடுதான் தவறு. கோர் ஐ7 பிராஸஸர், 32 ஜிபி ராம், தண்ணீர்க் குழாய் வைத்த கூலர், வண்ண விளக்குகள் மின்னும் கேபினட். ஆனால் கிராபிக்ஸ் கார்ட், 2019-ல் வந்த 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650. அதன் விலை 12,000 ரூபாய், அதாவது மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. கேம்ஸில் திரையில் தெரியும் ஒவ்வொரு காட்சியையும் வரைவது கிராபிக்ஸ் கார்ட்தான். கேபினட் விளக்கு எதையும் வரையாது. கேம்ஸுக்கான கம்ப்யூட்டரில் மூன்றில் ஒரு பங்காவது இந்தக் கார்டுக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு.

மருமகனைக் கேட்டேன். வேலரன்ட், ஜி.டி.ஏ. 5 என்றான். "ஜி.டி.ஏ. 6 வந்தா பத்தாது மாமா" என்றும் சொன்னான். 2025 மே மாதம் வெளியான டிரைலரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டு மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தன. கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. வராத விருந்தாளிக்கு இன்றே இலை போட வேண்டாம் என்றேன்.

அடுத்து மானிட்டர். ஃபுல் எச்.டி. திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். 4கே மானிட்டர் என்றால் கார்டின் வேலை சுமார் நான்கு மடங்காகும், கார்டின் விலையும் ஏறும். எனவே 24 அங்குல ஃபுல் எச்.டி. போதும் என்று முடிவு செய்தோம்.

புதிய பட்டியல் இப்படி அமைந்தது: 8 ஜிபி ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்ட் 21,000; கோர் ஐ5 12400எஃப் 10,500; மதர்போர்ட் 7,000; 16 ஜிபி ராம் 3,000; 1 டிபி எஸ்.எஸ்.டி. 5,000, எஸ்.எம்.பி.எஸ். 4,500, கேபினட், கீபோர்ட், மவுஸ் 4,000, மானிட்டர் 8,500. மொத்தம் 63,500. மருமகன் விளக்கு கேபினட்டுக்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்!

வேலரன்ட் மட்டும் போதும் என்றால் இன்னும் 20,000 ரூபாய் அளவுக்குக் குறைத்திருக்கலாம். ரைசன் 5 5600ஜி போன்ற பிராஸஸரில் கிராபிக்ஸ் வசதி உள்ளேயே இருக்கிறது. தனிக் கார்டைப் பிறகு வாங்கிச் சேர்க்கலாம். இந்த வகையில் ராமை 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்குங்கள். ஒன்றாக வாங்கினால் வேகம் குறையும். ஆனால் இன்டெல் பிராஸஸர் பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் இல்லாமல் மானிட்டரில் ஒன்றுமே தெரியாது.

"4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட் சார்" என்று 2014-ல் வந்த ஜிடி 730-ஐ யாராவது காட்டினால் ஏமாற வேண்டாம். ஜிபி என்பது கார்டின் நினைவக அளவு, வேகம் அல்ல. மாடல் எண்ணைக் கேட்டு, உங்கள் கேம் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள கார்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேலே உள்ள ராம் விலையை இன்று அப்படியே எதிர்பார்க்க முடியாது. 2025 இறுதியில், சிப் நிறுவனங்கள் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கான தயாரிப்புக்குத் திரும்பியதால் ராம் விலை பல மடங்கு ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டு உபயோகத்திற்கான தன் குருஷியல் விற்பனையை நிறுத்தப் போவதாகவே அறிவித்தது. ஆகவே, வாங்கும் வாரத்தில் இரண்டு கடைகளிலாவது விலை கேளுங்கள். ஒவ்வொரு பாகமும் தனித்தனியே குறிக்கப்பட்ட ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் வாரண்டி பாகத்துக்குப் பாகம் வேறுபடும்.

யூ.பி.எஸ். பற்றி எந்தக் கொட்டேஷனிலும் பேச்சு இருக்காது. வழக்கமான 600 வி.ஏ. யூ.பி.எஸ். 360 வாட் அளவுதான் தாங்கும். எங்கள் பட்டியலில் கார்டுக்கு 132, பிராஸஸருக்கு அதிகபட்சம் 117, மானிட்டரும் மற்றவையும் சேர்த்து 300 வாட்டைத் தாண்டுகிறது. விளையாட்டின் நடுவே கரண்ட் போனால் மல்லுக்கட்டும். எனவே 5,500 ரூபாயில் 1 கே.வி.ஏ. வாங்கினோம். ஆக மொத்தம் 69,000. மிச்சம் 14,000 விடுதிக் கட்டணத்தில் சேர்ந்தது.

"கரண்ட் பில்?" என்றார் அக்கா. 300 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் 54 யூனிட்.